வகுப்பறையில் சமூக வலைத்தளம்: பயனும் காப்பும்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பு ஒன்றை மனக்கண்ணால் காணுங்கள். அவ்வகுப்பில் 40 மாணவர்கள். மாதத் தேர்வு முடிந்துவிட்டது. கணித ஆசிரியை விடைத்தாள்களைத் திருத்தி முடித்து, மதிப்பெண் பட்டியலை ஒரே தாளில் எழுதிக் கைப்பேசியில் படம் எடுத்து, பெற்றோர்க்கென அமைந்த வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். அவர் நெஞ்சில் களங்கம் ஏதுமில்லை. 40 வீடுகளுக்குத் தனித்தனியே சொல்ல நேரமில்லை. ஒரு படம் எல்லார்க்கும் ஒரு நொடியில் போய்ச் சேரும் என்பதே அவர் எண்ணம்.

அப்பட்டியலின் கடைசி வரியில், 12 மதிப்பெண்ணுடன் ஒரு சிறுவனின் பெயர் இருக்கிறது. தந்தை வேலை முடிந்து வீடு திரும்புமுன்னே, அடுத்த தெருவில் வாழும் அத்தைக்கு அச்செய்தி தெரிந்துவிடுகிறது. மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் அவனைப் 'பன்னிரண்டு' என்று அழைக்கிறான். மாலைக்குள் அதுவே அவன் பெயராகிவிடுகிறது. அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி அவன் பள்ளிக்கு வர மறுக்கிறான்.

இது எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த காட்சியே. ஆயினும் இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோர் எவர்க்கும், ஆசிரியர் எவர்க்கும் இது புதிதாகத் தோன்றாது.

முற்காலத்தில் ஆசிரியர்கள் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்ததில்லையா என்று ஒருவர் கேட்கலாம். படித்தார்கள், அதுவும் பல பிள்ளைகளைப் புண்படுத்தியது. ஆனால் அந்த ஒலி நான்கு சுவர்களுக்குள் எழுந்து அங்கேயே அடங்கியது. கரும்பலகையில் எழுதிய தவறான விடை, அடுத்த பாடவேளை தொடங்குமுன் துடைக்கப்பட்டது. பிழை செய்வதும், அப்பிழை மறக்கப்படுவதும் கல்வியின் இரு பாதிகள். முதற்பாதி இன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பாதியைத்தான் கைப்பேசி மாற்றிவிட்டது. 40 கைப்பேசிகளில் பதிந்த படத்தைத் துடைக்கும் துணி எந்த ஆசிரியரிடமும் இல்லை.

வலைத்தளம் வகுப்பறைக்குள் வந்த வழி

முகநூல் 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2006-இல் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று திறந்துவிடப்பட்டது. 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப்பை 2014-இல் முகநூல் நிறுவனமே விலைக்கு வாங்கியது. இவ்விரண்டும் பள்ளிக்கென்று படைக்கப்பட்டவை அல்ல. நண்பரோடு உரையாடவும் உறவினரோடு படம் பகிரவும் தோன்றியவை, பிற்பாடு பள்ளிக்குள் நுழைந்தன.

தமிழகத்தில் அந்த நுழைவை விரைவுபடுத்தியது பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் மீண்டும் பள்ளிப்படியை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் பாடம் ஒளிபரப்ப, மறுபுறம் வாட்ஸ்அப் குழுவே பள்ளியின் தாழ்வாரமாகவும் அறிவிப்புப் பலகையாகவும் ஆசிரியர் அறையாகவும் நின்றது. வீட்டுப்பாடம் அதில் வந்தது; விடைத்தாளின் படம் அதில் சென்றது. அக்காலத்தில் அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பள்ளிகள் திறந்தன. குழுக்களோ மூடப்படவில்லை. வெள்ளக் காலத்தில் ஏறிய தோணியிலேயே வெள்ளம் வடிந்தபின்னும் குடியிருப்பதுபோல், நெருக்கடிக்காக ஏற்பட்ட ஏற்பாடு வழக்கமாக நிலைத்துவிட்டது. நெருக்கடியில் கேட்க நேரமில்லாத கேள்விகளை அமைதிக் காலத்தில் கேட்பது கடமை.

பயன் மெய்யானதே

குறை சொல்லுமுன் நன்மையை ஒப்புக்கொள்வதே நேர்மை. வகுப்பில் எழுந்து பேச நாணும் பிள்ளை, குழுவில் தன் ஐயத்தை எழுதிக் கேட்கிறது. காய்ச்சலில் படுத்த பிள்ளை, அன்றைய பாடத்தை அன்றே அறிகிறது. தன் கட்டுரையை ஆசிரியர் ஒருவரே படிப்பார் என்றிருந்த மாணவி, வகுப்பு முழுவதும் படிக்கப்போகிறது என்று அறிந்ததும் ஒற்றுப்பிழையை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறாள். செய்யுளை இசையோடு ஓதிப் பதிவு செய்து அனுப்பும் சிறுவனின் குரலைக் கேட்டு, இதுவரை வாய் திறவாத இன்னொருவன் ஓத முன்வருகிறான். பகல் முழுவதும் வேலைக்குச் செல்லும் தாய், பள்ளிக்கு வர இயலாவிடினும் பிள்ளையின் படிப்பை அறிந்துகொள்கிறாள்.

எனவே கைப்பேசியைத் தூக்கி எறிக என்பது இவ்வுரையின் கருத்தன்று. அடுப்பில் தீ உண்டு என்பதற்காக யாரும் சமையலைக் கைவிடுவதில்லை; குழந்தை எட்டும் இடத்தில் அடுப்பை வைக்காமல் இருக்கிறார்கள். அத்தகைய கவனம் இங்கும் வேண்டும். அக்கவனத்தை மூன்று கேள்விகளாக வகுத்துக்கொள்ளலாம்: இதை யார் காண்கிறார்? இது எத்துணைக் காலம் நிற்கும்? இதனால் யாருக்குப் பயன்?

யார் காண்கிறார்?

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே படிக்குமாறு மறையாக்கம் செய்யப்படுகின்றன. இதை அறிந்த பலர், 'ஆகவே பாதுகாப்புக்குக் குறைவில்லை' என்று அமைதி கொள்கின்றனர். அந்த மறையாக்கம் வழிப்பறிக்குக் காவலே தவிர வீட்டுக்குள் காவலன்று. கடிதம் வழியில் பிரிக்கப்படாமல் வந்து சேர்கிறது என்பது உண்மை. ஆனால் வந்து சேர்வது 40 வீடுகளுக்கு. அந்த 40 வீடுகளிலும் அதைத் திறக்கும் கைகள் எத்தனை என்று எவர்க்கும் தெரியாது. தந்தையின் கைப்பேசியை அண்ணன் எடுக்கிறான். தாயின் கைப்பேசியில் தம்பி விளையாடுகிறான். ஒருவர் ஒரு முறை பிறர்க்கு அனுப்பிவிட்டால், குழு என்னும் வேலி அங்கே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பொதுவான வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவர்க்கும் மற்ற எல்லாருடைய தொலைபேசி எண்ணும் தெரிகிறது. பள்ளிச் செய்தி அறியவே ஒரு தாய் தன் எண்ணைத் தந்தாள். முன்பின் அறியாத முப்பத்தொன்பது குடும்பங்களிடம் அவ்வெண்ணை ஒப்படைக்க அவள் இசைந்தாளா என்று எவரும் கேட்கவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் வரும் அழைப்புக்கு அஞ்சி அவள் குழுவை விட்டு விலகினால், 'பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை' என்ற பழியும் அவளையே சேர்கிறது.

எத்துணைக் காலம் நிற்கும்?

அனுப்பிய செய்தியை எல்லார்க்கும் அழிக்கும் வசதி உண்டு. அதற்குக் கால எல்லையும் உண்டு. 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ செய்திகள் தாமே மறையுமாறு அமைக்கவும் இயலும். இவை நல்ல வசதிகளே. ஆனால் அழிக்குமுன் ஒருவர் அதைத் திரையோடு படம் பிடித்திருந்தால், அந்தப் படம் அழிவதில்லை.

இதன் விளைவு பிள்ளையின் வாழ்நாளில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பதின்மூன்று வயதில் சினத்தில் எழுதிய ஒரு வரி, ஆண்டு விழாவில் ஆடை நழுவிய நிலையில் எடுத்த ஒரு படம், கற்றல் குறைபாடு பற்றிய ஒரு மருத்துவக் குறிப்பு ஆகியவை அவ்வயதோடு போகவேண்டியவை. இருபத்திரண்டு வயதில் அவன் வேலைக்குச் செல்லும்போதும், அவளுக்கு மணம் பேசும்போதும் அவை திரும்பி வந்து வாசலில் நிற்கலாகாது. வளர்தல் என்பதே நேற்றைய தன்னை விட்டுக் கடந்து செல்வது. கடக்க விடாமல் பிடித்து வைக்கும் பதிவேட்டைப் பள்ளியே உருவாக்கித் தருவது முறையாகுமா?

யாருக்குப் பயன்?

மூன்றாம் கேள்விக்கு விடையாக உண்மை வரலாறு ஒன்று இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பள்ளிகளில் கணினிப் பணி செய்துவந்த இருவர் 'எட்மோடோ' என்னும் வலைத்தளத்தைத் தொடங்கினர். தோற்றத்தில் அது முகநூலைப் போன்றது. ஆனால் வகுப்பறைக்கென்றே அமைந்தது. ஆசிரியர் ஒரு குறியீட்டுச் சொல் தருவார். அதைக் கொண்டு மாணவர் தம் வகுப்புக்குள் நுழைவர். பொதுத் தளங்களைவிட இது காப்பானது என்று நம்பி, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதில் சேர்ந்தனர். நோக்கம் நல்லது, அமைப்பும் நல்லது.

2017-இல் அத்தளத்திற்குள் திருடர் புகுந்து, ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் பயனர் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மறையாக்கம் செய்த கடவுச்சொற்களையும் கவர்ந்து சென்றனர். 2022 செப்டம்பரில் அத்தளம் மூடப்பட்டது. 2023 மே மாதம் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. பெற்றோரின் ஒப்புதலை முறையாகப் பெறாமல் சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியது, அவற்றை விளம்பரத்திற்குப் பயன்படுத்தியது, ஒப்புதல் பெறும் பொறுப்பைப் பள்ளிகளின் தலையில் சுமத்தியது என்பன அக்குற்றங்கள். 60 லட்சம் டாலர் தண்டத்தொகை விதிக்கப்பட்டது. செலுத்தும் வலிமை அந்நிறுவனத்திற்கு இல்லாமையால் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் மாணவர் கணக்குகளின் தகவல்கள் ஒரு கட்டத்தில் சேமிப்பில் இருந்தன என்றும், அவற்றுள் 10 லட்சம் கணக்குகளே அப்போது பயன்பாட்டில் இருந்தன என்றும் அவ்வழக்கில் வெளிப்பட்டது. படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் அங்கே காத்துக்கிடந்தன.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறுகிறார். ஆசிரியர் ஆகாதார்க்கும் உவமைகள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒரு வீட்டார் நீர் வார்க்க, வளைந்து வளர்ந்து, அடுத்த வீட்டுத் தோட்டத்தில் காயை உதிர்க்கும் தென்னை அது. கட்டணமின்றிக் கிடைக்கும் கல்விச் செயலிகள் பலவற்றிற்கும் அவ்வுவமை பொருந்துகிறது. பிள்ளையின் பெயர், வயது, இருப்பிடம், விரும்பிப் பார்ப்பவை ஆகிய நீரை வார்ப்பவர் பெற்றோர். காய் விழுவது விளம்பர வணிகரின் தோட்டத்தில். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது சிறுவர் உரிமைக்கு இடர் தரக்கூடிய முறையில் தகவலைக் கையாள்வதாகக் கூறியது.

தடை ஒன்றே தீர்வாகுமா?

'அப்படியானால் ஆசிரியரும் மாணவரும் வலைத்தளத்தில் பேசவே கூடாது என்று சட்டம் செய்துவிடலாமே' என்று சிலர் எண்ணலாம். அதையும் ஒரு மாநிலம் செய்து பார்த்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2011-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மாணவரிடம் தகாத முறையில் நெருங்கும் ஆசிரியர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். அதற்காக, ஆசிரியரும் மாணவரும் பிறர் காணாமல் தனித்துப் பேச இடந்தரும் வலைத்தளத் தொடர்பை அது விலக்கியது. ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் சென்றது. தம் சொந்தப் பிள்ளை தம் பள்ளியிலேயே படித்தால், அப்பிள்ளையோடு பேசுவதும் குற்றமாகுமோ என்று ஆசிரியர்கள் வினவினர். தடை மிகப் பரந்தது, பேச்சுரிமையை முடக்கும் என்று கருதிய நீதிபதி, சட்டம் நடைமுறைக்கு வரும் முன்னரே அப்பகுதியை நிறுத்திவைத்தார். அவ்வாண்டிலேயே சட்டமன்றம் அதை நீக்கி, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஆசிரியர் மாணவர் தொடர்புக்கு எழுத்து வடிவில் விதி வகுத்துக்கொள்ளவேண்டும் என்று மாற்றியமைத்தது.

அந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. ஒன்று, மறைவான தனியுரையாடலில் ஆபத்து உண்டு. அது பிள்ளைக்கும் ஆபத்து, பழி வந்தால் மறுக்கச் சான்றில்லாத நல்லாசிரியர்க்கும் ஆபத்து. மற்றொன்று, மொத்தமாகத் தடுப்பதைவிடத் தெளிவாக எழுதிவைத்த விதியே நிலைக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தையின் நலனுக்குத் தீங்கு தரும் வகையில் தகவலைக் கையாளலாகாது என்றும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகளை நிறைவேற்ற 18 மாதக் காலம் தரப்பட்டுள்ளது. பள்ளிகளுக்குக் கல்விப்பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் வேண்டிய அளவில் சில விலக்குகள் உண்டு. அவ்விலக்கு பணிக்குத் தரப்பட்டது, கவனக்குறைவுக்குத் தரப்பட்டதன்று.

சட்டம் பெருநிறுவனங்களை எண்ணிச் செய்யப்பட்டது. எட்டாம் வகுப்புச் சிறுவனின் 12 மதிப்பெண்ணைக் காக்க எந்த வாரியமும் வந்து நிற்கப்போவதில்லை. அதைக் காக்கவேண்டியவர் அவன் ஆசிரியை.

செய்யத்தக்கவை

பள்ளிகள் இவற்றை மேற்கொள்ளலாம். முதலாவது, பெற்றோர் குழுவில் நிர்வாகி மட்டுமே செய்தி இடுமாறு அமைத்தல். உறுப்பினர் எண்கள் ஒருவர்க்கொருவர் தெரியாத அறிவிப்பு முறையைத் தேர்தல். இரண்டாவது, பொதுச் செய்தி குழுவில், தனிச்செய்தி தனியே என்ற கோட்டை ஒருபோதும் தாண்டாமை. விடுமுறை, தேர்வு அட்டவணை, வீட்டுப்பாடம் ஆகியவை பொது. மதிப்பெண், கட்டண நிலுவை, உடல்நலம், ஒழுக்கக் குறிப்பு ஆகியவை தனி. மூன்றாவது, பிள்ளையின் படத்தை வெளியிடுமுன் பெற்றோரின் எழுத்து ஒப்புதலைப் பெறுதல். மறுப்பவரின் பிள்ளையை ஒதுக்காமை. நான்காவது, ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் மாணவரை நண்பராகச் சேர்க்காமை. மாணவரோடு பேசவேண்டிய இடத்தில் பெற்றோரோ மற்றோர் ஆசிரியரோ உடனிருக்கும் குழுவைப் பயன்படுத்தல். ஐந்தாவது, கல்வியாண்டு முடிந்ததும் குழுவைக் கலைத்தல்.

பெற்றோர்க்கும் பங்குண்டு. தம் பிள்ளை முதலிடம் பெற்ற பட்டியலை மகிழ்ச்சியோடு பிறர்க்கு அனுப்பும்போது, அதே படத்தில் கடைசி இடம் பெற்ற பிள்ளையும் இருக்கிறது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். தம் பிள்ளையின் விடைத்தாளை மட்டும் காட்டி மகிழலாம். அதுவும் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டபின். பத்து வயதுப் பிள்ளைக்கும் 'இதைப் போடவேண்டாம் அப்பா' என்று சொல்ல உரிமை உண்டு. அவ்வுரிமை வீட்டில் மதிக்கப்பட்டால்தான், பிறர் படத்தைப் பரப்பலாகாது என்ற பண்பு அப்பிள்ளைக்கு வரும். மாணவர்க்குச் சொல்லவேண்டியது ஒன்றே: வகுப்பில் எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்லத் தயங்கும் சொல்லைக் குழுவிலும் எழுதலாகாது.

தொடக்கத்தில் கண்ட வகுப்பறைக்கு மீண்டும் வருவோம். அந்த ஆசிரியை 40 சிறு சீட்டுகளில் 40 மதிப்பெண்களை எழுதி, மடித்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்கலாம்; அல்லது ஒவ்வொரு பெற்றோர்க்கும் தனித்தனியே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அதற்கு ஆகும் நேரம் அரைமணி. அந்த அரைமணியைச் சேமித்ததற்கு ஒரு சிறுவன் செலுத்திய விலை, அவன் பெயர்.

அடுத்த மாதத் தேர்வில் அவன் 12-ஐ 35 ஆக்கக்கூடும். அப்போது பழைய எண் எவர் நினைவிலும் இராமல், எவர் கைப்பேசியிலும் இராமல், அவனும் ஆசிரியையும் மட்டும் அறிந்த ஒன்றாக மறைந்துபோகவேண்டும். பொருளைக் காக்கும் அறங்காவலர், அது தமதன்று என்பதை மறவாதிருப்பார். பிள்ளையைப் பற்றிப் பள்ளி அறிந்தவையும் அத்தகைய பொருளே. அவை பிள்ளைக்கு உரியவை. பள்ளியிடம் சில ஆண்டுகள் ஒப்படைக்கப்பட்டவை.